அமாவாசையில் ஆடும் கோடு

கோடு நேராகப் போகிறவரை லேப் அட்டெண்டர் என்று ஒருத்தன் இருப்பது யாருக்கும் தெரியாது; கோடு கோணிக்கொண்டால்தான் "எங்கப்பா அந்த ஏழுமலை?" என்று தேடுவார்கள். எந்த ஊர் காலேஜிலாவது, எந்த மெஷினுக்காவது தண்ணீர் ஊற்றி, தூசி துடைத்து, கடைசியில் திட்டும் வாங்கிக்கொண்டிருக்கிற சகோதரர்களுக்கு இது புதிதாக இருக்காது. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடுக்கவில்லை.

நான் எட்டாவது ஃபெயில். செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகிற ரோட்டில் இருக்கிற ஒரு தனியார் காலேஜில் வேலை. பல வருஷம் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருந்தவனிடம், தலை நரைத்த பிறகு ஒரு மெஷினைக் காட்டி, "இனிமே இது உங்க பொறுப்பு" என்றார்கள். எஸ்.பி.ஆர். என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். உள்ளே விரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு இருக்கும், அதன்மேல் தங்கப் பூச்சு. பூச்சின்மேல் ஒரு சாமானை ஒட்டவைப்பார்கள். இன்னொரு சாமானை உப்புத் தண்ணீரில் கலந்து அதன்மேல் ஓடவிடுவார்கள். இரண்டுக்கும் ஒத்துப்போனால் வந்தது அங்கேயே ஒட்டும். அடியில் படுகிற வெளிச்சம் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல, கம்ப்யூட்டரில் ஒரு கோடு மேலே ஏறும். ஒட்டியது விட்டுப்போனால் கோடு இறங்கும். ஒன்றும் நடக்காத நேரத்தில் கோடு நேராகப் போக வேண்டும். அந்த 'வேண்டும்' என்பதில்தான் எங்கள் உயிர் போகிறது.

எத்தனை பவுன்

தங்கம் வைத்த மெஷின் வந்திருக்கிறது என்கிற செய்தி, மெஷின் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வருவதற்குள் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. காலேஜ் வழியாகப் போகிற டவுன் பஸ் கண்டக்டர் எனக்கு டிக்கெட் கிழிக்கும்போது குனிந்து, "எத்தினி பவுனு இருக்கும்?" என்று காதோரமாகக் கேட்டார். அது பவுன் கணக்கில் வராது, கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லிய பூச்சு, ஊதினால் பறக்கக்கூட அங்கே ஒன்றும் இல்லை என்று நான் விளக்கமாகச் சொன்னேன். பக்கத்து சீட்டில் இருந்தவர்களெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கண்டக்டர் முகம் வாடிப்போனது. விசில் அடித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப கவரிங்குனு சொல்லு. கவரிங்குக்கு எதுக்குபா ஏசி ரூமு?"

லாரி வரும்

மெஷினை நம்பி எங்கள் காலேஜில் ஒரே ஒரு ஆராய்ச்சிதான் நடந்தது. செய்தவள் சங்கீதா, மலர்விழி மேடத்திடம் பி.எச்.டி. படிக்கிற பெண். மேல்மலையனூர் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். நம் பாறைக் குன்றுகளில் முளைக்கிற ஒரு செடியின் சாறு, பாம்பு விஷத்திலிருக்கிற ஒரு புரதத்தைப் பிடித்து நிறுத்துமா என்று பார்ப்பது அவள் வேலை. விஷப் புரதத்தைத் தங்கத்தில் ஒட்டி, செடிச் சாற்றை மேலே ஓடவிட வேண்டும். கோடு ஒழுங்காக ஏறி இறங்கினால் அவள் டாக்டர். இல்லையென்றால் பழையபடி சங்கீதா.

எங்கள் தாளாளருக்குச் சென்னையிலும் ஒரு காலேஜ் உண்டு. அந்த காலேஜ்காரர்களுக்கு இந்த மெஷின்மேல் வந்த நாளிலிருந்தே கண். "இங்க ஒழுங்கா ஓடுனா இங்க இருக்கட்டும். இல்லன்னா லாரி வரும்" என்று தாளாளர் மீட்டிங்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சங்கீதாவுக்கு இரண்டு வயசில் ஒரு பெண் குழந்தை. பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். மெஷின் சென்னைக்குப் போனால் நீயும் அங்கே ஹாஸ்டலில் தங்கிச் செய்துகொள்ளலாமே என்று யாரோ அவளிடம் யோசனை சொன்னார்களாம். அவள் என்னிடம் வந்து சொன்னாள்: "ஆறு மணி பஸ்ச உட்டுட்டாலே எங்க வூட்டுல போன் மேல போன் வருதுண்ணா. இதுல மெட்ராசுல தங்கறதா? லாரி வந்துச்சுன்னா என் படிப்பையும் அதுலயே ஏத்தி அனுப்பிட வேண்டியதுதான்."

சில்லென்று ஊற்றினால்

முதல் மாதம் கோட்டில் முள் முளைத்தது. நேராகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று ஊசி மாதிரி மேலே ஒரு குத்து, கீழே ஒரு குத்து. மேடம் அன்றைக்கு லீவு. சங்கீதா பயந்துபோய், மெஷின் கம்பெனியின் சென்னை இன்ஜினியர் ஸ்டீபனுக்கு வீடியோ கால் போட்டாள். இந்த ஸ்டீபனைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மெஷினைப் பொருத்த வந்த முதல் நாளே என்னைப் பார்த்து, "பெரியவரே, கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றவர் அவர். அவருக்கும் மீசையில் நரை உண்டு. அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மெஷினில் ஓடுகிற உப்புத் தண்ணீரை எங்கே வைத்திருந்தீர்கள் என்று ஸ்டீபன் கேட்டார். லேப் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் என்பதால் முதல் நாள் பாட்டிலை கேன்டீன் ஃப்ரிட்ஜில், பால் பாக்கெட்டுக்கும் மாவுக்கும் நடுவில் வைத்திருந்தாள் சங்கீதா. காலையில் எடுத்து, சில்லென்று இருந்ததை அப்படியே மெஷினில் மாட்டிவிட்டாள். குளிர்ந்த தண்ணீர் உள்ளே போய்ச் சூடாகும்போது அதில் கரைந்திருந்த காற்றெல்லாம் குமிழியாகக் கிளம்பும். தங்கத்தின்மேல் ஒரு குமிழி உருண்டால் கோட்டில் ஒரு குத்து. ஸ்டீபன் போனில் பொறுமையாகச் சொன்னார்: "மேடம், இது கூல்டிரிங்ஸ் கடை இல்ல. தண்ணிய வெளிய வெச்சு, காத்த உறிஞ்சி எடுத்துட்டு, அப்புறமா ஊத்துங்க. பக்கத்துல நிக்கற பெரியவர்கிட்டயும் சொல்லிடுங்க."

'பெரியவர்', இரண்டாவது தடவை.

பத்திரிகை

கேன்டீன் என்றதும் ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் மேலே படிக்கிறவர்களுக்குப் புரியாது. கேன்டீன் நடத்துகிறவன் ஏகாம்பரம். என் வயசுக்காரன். ஒரு காலத்தில் நானும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள். அவன் பையனுக்குக் கல்யாணம் வைத்தான். பிரின்சிபாலுக்குத் தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை. மேடத்துக்குத் தட்டில் பத்திரிகை. வாட்ச்மேனுக்குக்கூடக் கையில் பத்திரிகை. எனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரு படம், அதில் குத்துவிளக்கு மினுக்மினுக்கென்று எரிகிறது, கீழே கும்பிடுகிற இரண்டு கை. வேறு ஒரு வார்த்தை இல்லை.

நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவன் நம்பரை ப்ளாக் செய்தேன். அன்றிலிருந்து கேன்டீனில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. டீ வேண்டுமென்றால் வெயிலில் நடந்து எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போகிறேன். அந்த டீ நன்றாக இருக்காது, ஆனாலும் குடிக்கிறேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று வாட்ச்மேன் ஒரு நாள் ஏகாம்பரத்திடம் கேட்டிருக்கிறார். அதற்கு அவன் சொன்ன பதிலை வாட்ச்மேன் என்னிடம் அப்படியே வந்து சொன்னார்: "தட்டு தூக்கினு போறதுக்கு அவன் இன்னா சம்பந்தியா? ஏழுமல நம்ம ஆளு, ஒரு போட்டோ போதும்."

எவ்வளவு திமிர் பாருங்கள்.

ஸ்வீட் சாப்பிடாதவன்

ஒரு நாள் மத்தியானம் லேப்பில் ஒரே சந்தோஷம். செடிச் சாறு உள்ளே போன அந்த நொடியில் கோடு விருட்டென்று மேலே ஏறி, மேலே தட்டையாக ஓடி, சாறு முடிந்ததும் விருட்டென்று கீழே இறங்கியது. பெட்டி போட்ட மாதிரி இருந்தது. ஒட்டிக்கொண்டது என்று சங்கீதா கத்தியேவிட்டாள். மேடம் கேன்டீனிலிருந்து ஸ்வீட் வரவழைத்தார். பிரின்சிபால் வரைக்கும் சாப்பிட்டார்கள். ஏகாம்பரம் கை பட்ட லட்டு என்பதால் நான் மட்டும் தொடவில்லை.

அந்தப் படத்தை மேடம் ஸ்டீபனுக்கு அனுப்பினார். உண்மையாக ஒட்டுகிற சாமான் வளைந்து வளைந்துதான் ஏறும், போகிறபோதும் மனசில்லாமல் மெதுவாகத்தான் இறங்கும், இப்படிப் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கினால் தண்ணீர்தான் மாறியிருக்கிறது என்று பதில் வந்தது. செடிச் சத்து சாதாரணத் தண்ணீரில் கரையாது. அதற்காகப் பூண்டு வாசனை அடிக்கிற ஒரு திரவம் சேர்ப்பார்கள். அந்தத் திரவம் சாற்றில் இருந்தது, மெஷினில் ஓடுகிற உப்புத் தண்ணீரில் இல்லை. இரண்டிலும் ஒரே அளவு கலந்தபோது பெட்டி காணாமல் போய்விட்டது. பிறகு மேடம் காலி டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "ஏமாறாத ஆளு நீங்க ஒருத்தர்தான் ஏழுமலை. அதுவும் மெஷினால இல்ல, ஏகாம்பரத்தால."

பொட்டு

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். தராசுக்கு, ஃப்ரிட்ஜுக்கு, துடைப்பத்துக்கு எல்லாம் நான் வைத்தேன். தங்க மெஷினுக்குப் பொட்டு வைக்கிற மரியாதையை பிரின்சிபால் தானே எடுத்துக்கொண்டார். நெற்றி எங்கே என்று தேடினார். சில்லை உள்ளே தள்ளுகிற சின்னக் கதவுதான் அவருக்கு நெற்றியாகத் தெரிந்தது. பக்தியோடு அழுத்தி வைத்தார். கதவு உள்ளே போய்த் திறந்துகொண்டது. அவர் கவனிக்கவில்லை, சாம்பிராணிப் புகையில் எங்களுக்கும் தெரியவில்லை.

லீவு முடிந்து மெஷினைப் போட்டால் கோடு கோடாகவே இல்லை. புல் தரை மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. சங்கீதா சாற்றை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள், சில்லையும் மாற்றிப் பார்த்தாள். கடைசியில் ஸ்டீபன் நேரில் வந்து மூடியைக் கழற்றினார். வெளிச்சம் போகிற கண்ணாடியின்மேல் குங்குமம் தூளாகப் படிந்திருந்தது. பஞ்சால் துடைத்துத் துடைத்து எடுத்தார். பஞ்சு சிவந்துகொண்டே போனது. பிரின்சிபால் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டீபன் தலை நிமிராமல் சொன்னார்: "எல்லா ஊர்லயும் மெஷினுக்குப் பொட்டு வெக்கறாங்க சார். மூக்குக்குள்ள வெச்சது இந்த ஊர்லதான்."

அந்த ஒரு வார்த்தைக்காக அவர்மேல் இருந்த வழக்கில் ஒன்றைத் தள்ளுபடி செய்தேன். இன்னொன்று இருக்கிறது.

சுவிட்ச்

பிரின்சிபாலுக்கு இன்னொரு பழக்கம். சாயங்காலம் காலேஜ் விட்டதும் ரூம் ரூமாகப் போய் ஃபேன், லைட், மெஷின் எல்லாவற்றையும் தன் கையாலேயே அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். தங்க மெஷின் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய ஜாதி. அணைத்துவிட்டால் மறுநாள் உள்ளே இருக்கிற சூடு ஒரு நிலைக்கு வருகிறவரை கோடு சரிந்துகொண்டே போகும். காலையில் போட்டால் சங்கீதா மத்தியானம் வரை கன்னத்தில் கை வைத்துச் சரிவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சரிவு நிற்கிற நேரத்தில் அவளுக்கு பஸ் நேரம் வந்துவிடும்.

மேடம் போய் விவரமாக எடுத்துச் சொன்னார். ஆள் இல்லாதபோதும் மெஷின் ஓட வேண்டும், கோடு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். பிரின்சிபால் முழுவதும் கேட்டுக்கொண்டார். ஒரு சந்தேகம் என்றார். "ராத்திரி பூரா கோடு போட்டு அது யாருக்கும்மா காட்டுது?"

ஒட்டினால் விடாது

சுவிட்சின்மேல் அட்டை ஒட்டி, பிரின்சிபால் கையிலிருந்து மெஷினைக் காப்பாற்றிய பிறகு இன்னொரு கூத்து. வெறும் உப்புத் தண்ணீரை அனுப்பினாலும் கோடு ஏறியது. தண்ணீரில் ஒன்றுமே இல்லை, எது ஒட்டும்? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு தெரிந்தது. செடிச் சாறு கொஞ்சம் பிசுபிசுப்பு. முன்னே போன சாறு ஊசியிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்டு, அடுத்தது வரும்போது அதோடு சேர்ந்து வந்திருக்கிறது. போன தடவையின் மிச்சத்தை இந்தத் தடவையின் கணக்கில் மெஷின் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் கழுவும் திரவம் விட்டு, மறுபடி தண்ணீர் விட்டு, மறுபடி கழுவும் திரவம் விட்டு எடுத்தோம். அப்போது நான், ஸ்டீபன் என்னைப் 'பெரியவரே' என்று கூப்பிட்டதைப் பற்றியோ, ஏகாம்பரத்தின் வாட்ஸ்அப் பற்றியோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். சங்கீதா திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "இந்த மெஷினும் நீங்களும் ஒரே ராசிண்ணா. போன வருசத்தது இன்னும் கொழாயிலயே இருக்குது."

மூஞ்சிதான் ஆதாரம்

எல்லாம் சரியாகி, செடிச் சாறு உண்மையாகவே வளைந்து வளைந்து ஏற ஆரம்பித்த நேரத்தில்தான் பெரிய தொல்லை வந்தது. சில நாட்களில் மட்டும் மத்தியானத்துக்கு மேல் கோடு அலை மாதிரி ஆடியது. மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும், மறுபடி ஏறும். அந்த ஆட்டத்தில் சாறு ஒட்டியதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. மறுநாள் பார்த்தால் கோடு நல்ல பிள்ளையாகப் போகும். ஸ்டீபன் போனில் ரூம் சூடு என்றார். ஏசி ஓடுகிறதே என்றார் மேடம். ரோட்டில் போகிற பஸ் அதிர்வா என்று யோசித்தார்கள். நான் முதல் நாளிலிருந்தே ஏகாம்பரம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆதாரம் என்ன என்று மேடம் கேட்டார். அவன் மூஞ்சிதான் ஆதாரம் என்றேன். மழை பெய்யாவிட்டால்கூட அவனைத்தான் சொல்வீர்கள் என்று சிரித்தார்.

சங்கீதாதான் முதலில் முடிச்சைப் பிடித்தாள். "நான் பஸ்சுல நின்னுக்கினே வர்ற நாள்ல எல்லாம் இது ஆடுது மேடம்" என்றாள். அமாவாசை அன்றைக்குக் கோயில் கூட்டத்துக்காக பஸ்ஸையெல்லாம் மேல்மலையனூர் ஸ்பெஷலாகத் திருப்பிவிடுவார்கள். அவள் ஊருக்கு வருகிற ஒன்றிரண்டு பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. அடுத்த அமாவாசை அன்று அவளும் மேடமும் கோட்டைப் பார்க்காமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மத்தியானம் ஏசியின் ஸ்டெபிலைசர் 'டக்' என்றது. ஏசி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'டக்'. ஏசி ஓடியது. ரூம் சூடாகிக் குளிர, கோடும் கூடவே ஏறி இறங்கியது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்காக காலேஜ் வாசலில் ஒரு பந்தல். பந்தலில் கரும்பு ஜூஸ் மெஷின், பெரிய ஐஸ்கிரீம் ஃப்ரீசர். இரண்டுக்கும் ஒயர் எங்கள் கட்டடத்திலிருந்துதான் போனது. அவை இழுக்கிற இழுப்பில் கரண்ட் இறங்கி ஏசி நின்றிருக்கிறது. பந்தலுக்குள் கல்லாவில் ஏகாம்பரம். மேடம் ஜன்னலைச் சாத்தினார். பிறகு திரும்பிச் சொன்னார்: "ஏழுமலை, நீங்க சொன்னது சரியா இருக்கறதுதான் எனக்குத் தாங்கல."

நேரில் போனது

தாளாளர் வருகிற தேதி தெரிந்தது. மெஷினை நேரில் பார்த்துவிட்டு லாரியா இல்லையா என்று அன்றைக்கே சொல்லிவிடுவாராம். மேடம் காலண்டரைப் பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற வழியில் இறங்கிப் பார்ப்பதாகத் திட்டம். வேறு நாள் வாருங்கள் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. அன்றைக்கு மட்டும் பந்தல் வேண்டாம் என்று பிரின்சிபால் ஏகாம்பரத்திடம் சொல்லிப் பார்த்தார். பந்தலுக்கு அனுமதி கொடுத்தது தாளாளரின் மச்சான், அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. பிரின்சிபால் மாலை வாங்கப் போய்விட்டார்.

அன்று மத்தியானம், மேடம் வரவேற்பதற்காக வாசலில் நிற்கிறார். சங்கீதா சில்லை மாட்டி, ஓட்டத்தை ஆரம்பித்துவிட்டாள். கோடு நேராகப் போகிறது. அப்போது 'டக்' என்றது. சங்கீதா என்னைப் பார்த்தாள். "அண்ணா, நீங்கதான் போவணும். நான் எந்திரிக்க முடியாது" என்றாள். போன் போட்டுச் சொல்லலாமே என்றேன். "அவரு நம்பரத்தான் ப்ளாக் பண்ணி வெச்சிருக்கீங்களே" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். காலையில் குழந்தைக்கு ஜுரம், விட்டுவிட்டு நின்றபடியே பஸ்ஸில் வந்தவள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

பந்தலில் கால் வைக்க இடமில்லை. ஏகாம்பரம் என்னைப் பார்த்ததும் ஜூஸ் டம்ளரைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டான். "இன்னா ஏழுமல, வழி தப்பி வந்துட்டியா?" என்றான். ஃப்ரீசரையும் ஜூஸ் மெஷினையும் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும் என்றேன். "எதுக்கு?" "மேல ஒரு கோடு ஆடுது." "ஆடுனா ஆடட்டுமே." "ஆடுனா மெஷின் மெட்ராசுக்குப் போயிடும். அந்தப் பொண்ணு படிப்பு நின்னுடும்." அதற்குள் இன்னொரு பஸ் வந்து நின்றது. குழந்தைகள் ஃப்ரீசரைப் பார்த்து ஓடி வந்தன. "மாசத்துல இந்த ஒரு நாளுதான்யா எனக்கு யாவாரம்" என்றான். எனக்குக் கெஞ்சிப் பழக்கம் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். ஆனால் அங்கிருந்து நகரவும் இல்லை. கூட்டம் என்னை இடித்துக்கொண்டு போனது. அவன் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தான். "டீ குடிப்பியா?" என்றான். குடிப்பேன் என்றேன். அவனே டீ ஆற்றி என் கையில் கொடுத்தான். நான் முதல் வாய் குடித்த பிறகு நடந்துபோய் பிளக்கைப் பிடுங்கினான். கூட்டத்தைப் பார்த்து, "கரண்ட்டு போச்சு, டீ மட்டுந்தான்" என்றான். நான் முழுவதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

தாளாளர் வழக்கம்போலத் தாமதமாக வந்தார். அதற்குள் அலை அடங்கி, கோடு கயிறு கட்டின மாதிரி நேராகிவிட்டது. அவர் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, சங்கீதா சாற்றை உள்ளே அனுப்பினாள். கோடு அவசரமே இல்லாமல் வளைந்து ஏறியது. சாறு நின்ற பிறகும் விட மனசில்லாமல் மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. தாளாளர் மேடத்திடம் திரும்பி, "ஏறுது, எறங்குது. நல்லாத்தான இருக்குது? இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கோயிலுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். சங்கீதா முதலில் செய்தது வீட்டுக்கு போன் போட்டதுதான்: "அத்தே, பாப்பாவுக்கு ஜொரம் எப்பிடி இருக்குது? ஆறு மணி பஸ்சுல வந்துடறேன்."

வேலை முடிந்தது, பிளக்கை மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்ல மறுபடியும் பந்தலுக்குப் போனேன். ஃப்ரீசருக்குள் குச்சி ஐஸெல்லாம் தலை சாய்ந்து கிடந்தது. ஏகாம்பரம் அதை ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. பிளக்கைச் செருகிவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னான்: "போன்ல சொல்லியிருந்தா புடுங்கியிருக்க மாட்டேன் ஏழுமல. நேருல வந்து கேட்ட பாரு, அதுக்குத்தான்."

திரவம் விட்டுக் கழுவினால் ஒட்டியதெல்லாம் விட்டுப்போய்க் கோடு பழைய இடத்துக்கு வந்துவிடும் என்பது மெஷின் கணக்கு. என் கோடும் ஏறக்குறைய வந்துவிட்டது, அந்த டீயில் சர்க்கரை கம்மியாக இருந்தது மட்டும் இன்னும் குழாயில் இருக்கிறது.